கயிறும் உரலும்: கால்வாய்ப் படகு வாழ்க்கையைக் கவிதை கண்ட விதம்

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் படகுக்குக் குறைவில்லை. சங்கப் பாடல்களின் அம்பி, பஃறி, நாவாய் தொடங்கிக் கம்பனின் குகன் செலுத்திய ஓடம் வரை, பக்தி இலக்கியத்தின் பிறவிக்கடல் தோணி முதல் இன்றைய திரைப்பாடல்களின் படகு வரை, நீர்மேல் செல்லும் கலம் நம் புலவர்களின் கற்பனையை விட்டு நீங்கியதில்லை. ஆயினும் இவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். படகில் ஏறிச் சென்றவரின் மனநிலையே பெரும்பாலும் பேசப்படுகிறது. அப்படகிலேயே சமைத்து உண்டு, உறங்கி, பொருள் ஏற்றி இறக்கி, அதனையே தொழிற்களமாகவும் வீடாகவும் கொண்டு வாழ்ந்தவரின் அன்றாடம் அரிதாகவே இடம்பெறுகிறது.

இக்கட்டுரை பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையை இந்நோக்கில் மறுவாசிப்புச் செய்கிறது. அக்கவிதையின் களமான பக்கிங்காம் கால்வாய், அதனோடு ஒப்பிடத்தக்க இங்கிலாந்தின் கால்வாய்ப் படகு வாழ்க்கை, பெரும்பாணாற்றுப்படையில் வரும் உமணர் வண்டி ஆகியன ஒப்பீட்டுக்குத் துணையாகின்றன. உழைப்போர்மீது பரிவு கொள்வது ஒன்று. அவர்தம் அன்றாடத்தைக் காண்பது மற்றொன்று. முன்னது உள்ள இடத்தில் பின்னதும் இருக்கும் என்று நாம் எளிதாக எடுத்துக்கொள்கிறோம். அவ்வாறு கொள்ளலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியேறி ஒரு தலைமுறை கடந்துவிட்ட மலேசியத் தமிழருக்கு இவ்வேறுபாடு தம் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதும் இறுதியில் காட்டப்பெறும்.

கால்வாயின் பின்புலம்

பக்கிங்காம் கால்வாய் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி, ஆங்காங்கே உள்ள கழிகளையும் உப்பேரிகளையும் இணைத்துச் செல்லும் உப்புநீர்க் கால்வாயாகும். 1806ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்னும் வணிகரின் முயற்சியால் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில் இதன் முதற்பகுதி வெட்டப்பட்டது. பின்னர் அரசு அதனை ஏற்று வடக்கே பழவேற்காடு நோக்கியும் அதற்கு அப்பாலும் நீட்டித்தது. 1877-78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. அன்றைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அப்போதுதான் கால்வாய்க்குச் சூட்டப்பெற்றது. முழுவளர்ச்சி பெற்ற நிலையில் அது ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து தமிழகத்தின் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது.

இக்கால்வாய் வழியே உப்பும் விறகும் நெல்லும் சென்னைக்கு வந்தன. காற்று இசைந்தபோது பாய் விரித்தனர். இசையாதபோது ஒருவர் கரையில் நடந்து கயிற்றால் இழுக்க, மற்றொருவர் படகிலிருந்து கழி ஊன்றித் தள்ளினார். இரயில் பாதையும் சாலைப் போக்குவரத்தும் பெருகியபின் கால்வாயின் பயன் குறைந்தது. 1960களிலும் 1970களிலும் வீசிய புயல்கள் அதனை மேலும் சிதைத்தன. சென்னை நகருக்குள் 1990களில் பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயின் உள்ளேயே எழுந்தன. 2008இல் தேசிய நீர்வழிகளுள் ஒன்றின் பகுதியாக இது அறிவிக்கப்பட்டபோதிலும் உப்புப் படகுகள் திரும்பவில்லை. அப்படகுகளில் வாழ்ந்தோர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல் எதனையும் தமிழ் இலக்கிய வரலாறுகள் நமக்கு அறிமுகப்படுத்தவில்லை. ஆகவே அக்கால்வாயைப் பாடிய ஒரு பெருங்கவிஞரின் கவிதை தனி முக்கியத்துவம் பெறுகிறது.

பயணியின் கண்: 'மாவலிபுரச் செலவு'

பாரதிதாசன் 1934ஆம் ஆண்டில் தம் சுயமரியாதை இயக்கத் தோழர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்குக் கால்வாய் வழியாகப் படகில் சென்றார். அப்பயணமே இக்கவிதையாயிற்று. கவிதை கால்வாயை அறிமுகப்படுத்தித் தொடங்குகிறது. சென்னையில் தொடங்கும் கால்வாய் புதுச்சேரி வரை நீள்வதாகக் கவிஞர் கூறுகிறார். உண்மையில் அது புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்திலேயே நின்றுவிடுகிறது. தம் ஊர் வரை கால்வாயை நீட்டிய கவிஞரின் உரிமையை நாம் பிழையாகக் கொள்ள வேண்டியதில்லை. படகுகள் அன்னப்பறவைகளுக்கு ஒப்பிடப்பெறுகின்றன. வெயிலொளி நீரில் விழுகிறது. தோழர் ஒருவர் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' நூலைத் திறந்து உரக்கப் படிக்கிறார். 1930இல் வெளிவந்த அந்நூல் பாரதிதாசனுடையதே. ஆகவே தம் கவிதையைத் தாமே செவிமடுத்தவாறு செல்லும் கவிஞரை நாம் படகில் காண்கிறோம். இதுவரை இது ஓர் உல்லாசப் பயணப் பாட்டு.

இவ்விடத்தில் கவிதை திரும்புகிறது. கரையோரமாக நடந்து தோள்வலியால் கயிற்றை இழுத்துச் செல்லும் ஒருவரைக் கவிஞர் காண்கிறார்; காணப் பொறுக்கவில்லை என்கிறார். பின்புறத்தில் மற்றொருவர் முதுகு வளைய, மலைபோன்ற படகைக் கழிமுனையால் தள்ளி வருந்துகிறார். அன்னம்போல் தானே மிதப்பதாகத் தோன்றிய படகு மனித உடல்களால் நகர்த்தப்படும் பாரமாக மாறிவிடுகிறது. தொடக்கத்தில் தாம் அமைத்த உவமையைக் கவிஞர் தாமே உடைத்துக் காட்டும் இடம் இது. தொடர்ந்து, உலகில் எவரும் இன்பக்கரை ஏறுவது தொழிலாளர் தோள்களின் துணையால் மட்டுமே என்னும் கருத்தை உரைத்து, அதனை இருபது முறை சொன்னதாகவும் குறிக்கிறார். அதே பாடலின் முடிவில் நிலவு ஒளி சிந்தி எழுகிறது. அதன்பின் வானம் பெண்ணாகவும் நிலவு இளைஞனாகவும் மாறும் காதற் கற்பனை விரிகிறது.

இக்கவிதையைத் திறனாய்வாளர் பொதுவாக இருவகையில் அணுகலாம். பாரதிதாசனை இயற்கைக் கவிஞராகக் காண்போர் நிலவுப் பகுதியை எடுத்துக்கொள்வர். பொதுவுடைமைக் கவிஞராகக் காண்போர் கயிறு இழுப்பவர் பகுதியை எடுத்துக்கொள்வர். இரு சாராரும் தமக்கு வேண்டியதைப் பெற்றுவிடுவதால், இரண்டும் ஒரே பாடலுக்குள் அடுத்தடுத்து நிற்பதன் பொருளை ஆராயும் தேவை எழாமலே போய்விடுகிறது.

அவ்விரு பகுதிகளும் ஒட்டும் இடத்தில்தான் கவிதையின் உண்மை இருக்கிறது என்பது என் கருத்து. தோழர்கள் ஓர் உண்மையை இருபது முறை சொன்னார்கள். ஒருமுறை சொன்னால் அது உணர்ச்சி. இருபது முறை சொன்னால் அது சொல்லிச் சொல்லி ஆறுதல் அடைவது. சொல்லியபின் எவரும் படகை விட்டு இறங்கியதாகவோ, கயிற்றைக் கைமாற்றிக் கொண்டதாகவோ கவிதை கூறவில்லை. படகு அதே விரைவில் செல்கிறது, நிலவு எழுகிறது, பேச்சு காதலுக்கு மாறுகிறது. பாட்டாளியின் விடுதலையைத் தம் இயக்கக் கொள்கையாகக் கொண்டோர் சென்ற படகே அவ்வாறு நகர்ந்தது. கவிஞர் விரும்பியிருந்தால் அந்த எண்ணிக்கையை விட்டிருக்கலாம். நிலவைச் சில பாடல்களுக்குப் பின் எழச் செய்திருக்கலாம். இரண்டையும் உள்ளவாறே வைத்திருப்பது அவரது நேர்மை. பரிவுக்கு உள்ள எல்லையை அக்கவிதை மறைக்காமல் பதிவு செய்துள்ளது.

ஆயினும் அந்நேர்மை ஒரு வெற்றிடத்தையும் நமக்குக் காட்டுகிறது. செமோர் வட்டாரத் தமிழாசிரியர்கள் சிலருடன் இக்கவிதையைப் படித்தபோது, தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஆசிரியர் ஒருவர், "டாக்டர், கயிறு இழுத்த அந்த ஆளு எங்க, எப்ப சாப்பிட்டிருப்பாரு?" என்று கேட்டார். எளிய கேள்வி, ஆனால் கவிதையில் அதற்கு விடை இல்லை. அவ்விருவர் பெயர் என்ன, இரவில் எங்கே படுத்தனர், திரும்பும்போது படகில் என்ன ஏற்றினர், வீட்டார் கரையில் இருந்தனரா என்பன எவையும் இல்லை. அவர்களின் தோளும் முதுகும் கவிதைக்குள் வந்துவிட்டன. அவர்களின் நாள் வரவில்லை. கயிறு தெரிகிறது, அடுப்புத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் நெடும்படகு

இக்குறை பாரதிதாசனுக்கு மட்டும் உரியதா, கால்வாயைப் பாடிய பயணியர் அனைவருக்கும் பொதுவானதா என்பதை அறிய இங்கிலாந்தின் எடுத்துக்காட்டு உதவும். படகுக் குடும்பங்களின் வாழ்க்கை அங்கு விரிவாகப் பதிவாகியுள்ளது.

'நேரோபோட்' எனப்படும் அந்நாட்டின் ஒடுங்கிய நெடும்படகு, கால்வாயின் மதகறைகளுக்குள் நுழையும் அளவில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 70 அடி நீளம், 7 அடி அகலம். அதன் பெரும்பகுதி நிலக்கரி முதலிய சரக்கிற்கே உரியது. பின்முனையில் ஏறக்குறைய 10 அடி நீளமுள்ள சிற்றறையே குடும்பத்தின் வீடு. உள்ளே நுழைந்தவுடன் நிலக்கரி அடுப்பு. அடுத்து மடக்கினால் அலமாரிக் கதவாகவும் விரித்தால் மேசையாகவும் ஆகும் பலகை. இறுதியில் பகலில் மடக்கி இரவில் குறுக்கே விரிக்கும் படுக்கை. தாய், தந்தை, பிள்ளைகள் அனைவரும் அவ்வறையிலேயே வாழ்ந்தனர். அறைக்கதவிலும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜாப் பூக்களும் கோட்டைகளும் வண்ணமாகத் தீட்டப்பெற்றிருந்தன.

குடும்பங்கள் படகில் குடியேறியதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று. 19ஆம் நூற்றாண்டில் இரயில் பாதைகள் போட்டிக்கு வந்தபோது சரக்குக் கட்டணம் வீழ்ந்தது. கரையில் வீட்டு வாடகை கொடுக்க இயலாத படகோட்டிகள் மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டனர். வாடகை மிச்சமாயிற்று, கூலியில்லாத வேலையாட்களும் கிடைத்தனர். மனைவி சுக்கான் பிடித்தாள்; பிள்ளைகள் குதிரையை நடத்தினர்; மதகுக் கதவுகளைத் திறந்து மூடினர். ஒரே ஊரில் தொடர்ந்து தங்காததால் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. ஜார்ஜ் ஸ்மித் என்னும் சீர்திருத்தவாதியின் இடைவிடாத முயற்சியால் 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. படகைக் குடியிருப்பாகப் பதிவு செய்தல், எத்தனைபேர் தங்கலாம் என வரையறுத்தல், சுகாதாரத்தைக் கண்காணித்தல் ஆகியன அவற்றால் நடைமுறைக்கு வந்தன. சென்னையில் பஞ்சத்தால் வாடியோர் கால்வாய்க்கு மண் வெட்டிக்கொண்டிருந்த அதே 1877ஆம் ஆண்டில்தான் இலண்டனில் படகு வீட்டின் காற்றோட்டம் சட்டமன்றத்தில் பேசப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்வாழ்க்கை முடிவுறும் தறுவாயில் எல். டி. சி. ரோல்ட் என்னும் பொறியாளர் 1939ஆம் ஆண்டில் தம் மனைவியுடன் 'கிரெஸ்ஸி' என்னும் படகில் குடியேறினார். அவ்வனுபவத்தை 'நேரோ போட்' என்னும் நூலாக 1944இல் வெளியிட்டார். படகு மக்களின் கைவண்ணத்தையும் ஒழுங்கையும் அவர் வியந்து எழுதினார். இயந்திர நாகரிகத்தால் அழியவிருக்கும் ஒரு மரபாக அவர்களைக் கண்டார். அந்நூலின் விளைவாகக் கால்வாய்களைக் காக்கும் சங்கம் ஒன்று 1946இல் உருவாயிற்று. மூடப்படவிருந்த கால்வாய்கள் பல அவ்வியக்கத்தால் பிழைத்தன. பயணியின் பார்வையை நாம் முற்றாக ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இது சான்று. ஆனால் பிழைத்தவை கால்வாய்கள். படகுக் குடும்பங்களின் சரக்குத் தொழில் 1970ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

அக்குடும்பங்களின் குரல் முழுமையாகக் கேட்கப் பின்னும் இருபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. ஷீலா ஸ்டூவர்ட் என்பவர், எழுதப் படிக்க வாய்ப்பின்றி வளர்ந்த படகுப் பெண்கள் பலரை நேர்கண்டு, அவர்தம் நினைவுகளை ஒரே பெண்ணின் குரலாக இணைத்து 'ராம்லின் ரோஸ்' என்னும் நூலாக 1993இல் வெளியிட்டார். பிள்ளைப்பேறு, துணி துவைத்தல், சமையல், சரக்கு ஏற்றியபின் படகைக் கழுவுதல் ஆகியன அங்கே மையத்திற்கு வருகின்றன. ரோல்ட் வியந்த அதே சிற்றறை இந்நூலில் ஒரு பெண்ணின் தீராத வேலைக்களமாகத் தெரிகிறது. இரண்டும் பொய்யல்ல. ஒன்று படகைப் பார்த்தது. மற்றொன்று படகில் ஒரு நாளை எண்ணியது.

மேற்படிப்பிற்காக இங்கிலாந்தில் இருந்தபோது அக்கால்வாய்க் கரைகளில் நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 30,000க்கும் மேற்பட்ட படகுகள் இன்று அந்நாட்டு நீர்வழிகளில் உள்ளன, பெரும்பாலானவை பொழுதுபோக்கிற்கானவை. எனினும் வீட்டு வாடகை தாங்காமல் படகில் வாழ்வோரும் அவற்றுள் உண்டு. நிலையான துறை இல்லாதோர் ஓரிடத்தில் 14 நாட்களுக்குமேல் தங்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். தண்ணீர்த் தொட்டியை நிரப்புதல், கழிவுக் கலத்தைக் காலி செய்தல், அடுப்புக்குக் கரி தேடுதல், மின்கலம் தீராமல் பார்த்தல் என அவர்கள் நாள் கழிகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் ஒரு குடும்பத்தைப் படகேற்றிய வாடகையே இன்றும் சிலரைப் படகேற்றுகிறது. கரையில் நடந்து செல்வோர் கண்ணில் படுவதோ பூச்சாடியும் புகைபோக்கியும்தான்.

உமணரின் உரல்

மேற்கில் தோன்றிய வாய்மொழி வரலாற்று முறையே அன்றாடத்தைக் காணக் கற்பித்தது என்று இவ்விடத்தில் ஒருவர் முடிவு கட்டலாம். அம்முடிவு பொருந்தாது. பக்கிங்காம் கால்வாய் ஓடும் அதே தொண்டை நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையே இதற்குச் சான்று.

அந்நூலை இயற்றிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடியவர். பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் வருகின்றன. கழியின் கரையில் வரிசையாகப் பிணிக்கப்பட்டுள்ள அவை கொட்டிலில் கட்டிய குதிரைகள் போலக் காட்சியளிக்கின்றன. அழகிய உவமை, ஆனால் படகில் ஆள் இல்லை. கரையில் நின்று காண்பவருக்குப் படகு எவ்வாறு தெரியுமோ அவ்வாறே அது வருகிறது.

அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டியைப் பாடும்போது பார்வை மாறிவிடுகிறது. கூரை வேய்ந்த அவ்வண்டியில் கோழிகள் தங்கும் கூடு இருக்கிறது. யானையின் முழங்காலை ஒத்த சிறிய உரல் தொங்கவிடப்பட்டிருக்கிறது. காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. குழந்தையை உடைய பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். வலிமை மிக்க ஆடவர் வண்டி வரிசையின் இருமருங்கும் காவலாக நடக்கின்றனர். முட்டைக்கும் இறைச்சிக்கும் கோழி, குற்றுவதற்கு உரல், கூழுக்கும் சோற்றுக்கும் தொடுகறியாகக் காடி, மடியில் குழந்தை, கையில் தாற்றுக்கோல் எனச் சில அடிகளுக்குள் நகரும் ஒரு வீடு முழுமையாகத் தெரிந்துவிடுகிறது. வேலையும் இல்லறமும் பிரிக்க முடியாதவாறு ஒரே சக்கரங்களின்மேல் செல்கின்றன. இங்கிலாந்தின் நெடும்படகில் சுக்கான் பிடித்த தாய்க்கும் இவளுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டு இடைவெளி இருப்பினும் இருவர் நாளும் ஒன்றே.

இப்பகுதியை அளவுக்கு மீறிப் போற்றவும் வேண்டியதில்லை. ஆற்றுப்படை என்பது பாணனை வள்ளலிடம் வழிப்படுத்தும் இலக்கியம். வழி அச்சமற்றது என்று காட்டி அரசனின் ஆட்சியைப் புகழ்வது அதன் நோக்கம். உமணப் பெண் அங்கு ஒரு சொல்லும் பேசவில்லை. கோழிக்கூட்டுக்கு யானைக் காவலர் குடிசையும், கட்டிய கலத்திற்கு ஆடல் மகளிரின் இசைக்கருவியும் உவமையாவதால் அழகுபடுத்தலும் இருக்கிறது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டினப்பாலையின் உவமை படகை உவமைக்குள் மறைத்துவிடுகிறது. பெரும்பாணாற்றுப்படையின் உவமை உரலை நம் கண்முன் நிறுத்துகிறது. உவமை சொல்லி முடித்தபின்பும் உரல் உரலாகவே எஞ்சுகிறது.

புலவர் உமணர்மேல் பரிவு கொண்டதாக எங்கும் கூறவில்லை என்பதையும் நோக்க வேண்டும். பரிவுச் சொல் ஒன்றும் இன்றி அவர்களின் வாழ்க்கை தெரிகிறது. பாரதிதாசனிடம் பரிவுச் சொல் இருபது முறை வருகிறது, வாழ்க்கை தெரியவில்லை. இவ்விரு கவிதைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் கவிதையின் கருணையை அளக்க நாம் கையாளும் அளவுகோலை மாற்ற வேண்டியிருக்கும்.

லயமும் நம் எழுத்தும்

இவ்வளவும் பேராவில் வாழும் தமிழாசிரியருக்கு என்ன பயன் தரும் என்னும் கேள்வி நியாயமானது. கிந்தாப் பள்ளத்தாக்கில் மிதக்கும் தொழிற்களம் ஒன்றும் இருந்தது. 1938இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கிய தஞ்சோங் துவாலாங் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல் 4,500 டன் எடையுள்ளது. அது இன்று சுற்றுப்பயணிகள் காணும் இடமாகிவிட்டது. இயந்திரத்தின் அளவு வியப்பூட்டுகிறது. அதில் வேலை செய்தோர் உணவுத் தூக்கை எங்கே மாட்டினர் என்பதை எண்ணுவோர் சிலரே.

ஆயினும் கால்வாய்ப் படகுக்கு நம்மிடையே உண்மையான இணை தோட்டத்து லயமே. செமோரைச் சுற்றிலும், சுங்கை சிப்புட் வரையிலும் இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நீண்ட ஒற்றைக் கட்டடம், அதனுள் வரிசையாகச் சிற்றறைகள், ஓர் அறையில் ஒரு குடும்பம் என்பது வடிவ ஒற்றுமை. அதனினும் ஆழமானது வாழ்க்கை ஒற்றுமை. இரண்டிலும் வீடு வேலைக்குக் கட்டுப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். இரண்டிலும் மனைவியின் உழைப்பும் பிள்ளைகளின் கையும் இல்லாமல் கணக்கு நிறைவேறாது. விடியுமுன் பெரட்டு, பின்னர் பால்வெட்டு, பால் எடுத்தல், மங்கு கழுவுதல், ஆயாக் கொட்டகையிலிருந்து குழந்தையை அழைத்து வருதல், சமையல் என ஒரு பெண்ணின் நாள் நீண்டது. படகு வீட்டுக்கு 1877இல் சட்டம் வந்ததுபோலத் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றிய சட்டம் இங்கு 1966இல் வந்தது, 1990இல் விரிவாக்கப்பட்டது.

தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின் தோட்ட வாழ்க்கை எழுத்தில் மிகுதியாக வருகிறது. அகிலன் 1970களில் மலேசியாவைக் கண்டு சென்றபின் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' நாவல் விருந்தினராக வந்தவரின் பரிவுக்குச் சான்று. அதன் நோக்கம் நன்று. ஆயினும் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலைப் படிப்பவர், தோட்டத்துப் பேச்சுமொழியிலேயே அன்றாடம் அசைவதைக் கண்டு வேறுபாட்டை உணர்வர். முன்னதை 'அயலார் எழுத்து' என்று தள்ளுவதோ, பின்னதை 'நம்மவர் எழுத்து' என்பதால் மட்டும் ஏற்பதோ திறனாய்வாகாது. எழுதியவர் எங்கே பிறந்தார் என்பதைவிட அவர் எழுத்தில் உரல் இருக்கிறதா என்பதே கேள்வி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணர் அல்லர், ஆயினும் கண்டார்.

கவலைக்குரியது நம் மாணவர் எழுத்து. தோட்டம் பற்றிக் கட்டுரையும் சிறுகதையும் எழுதும் இளையோர் பலரும் பனிமூட்டம், பறவையொலி, கோயில் திருவிழா, ஒற்றுமையாக வாழ்ந்த மக்கள் என்று எழுதிப் பின்னர் உழைப்பின் பெருமையை ஒரு பத்தியில் போற்றி முடிக்கின்றனர். தம் பாட்டியின் வாழ்க்கையை அவர்கள் படகில் அமர்ந்து காண்கின்றனர்; கயிறு இழுப்பவளாகவே அவள் தெரிகிறாள். இருபது முறை அவளைப் போற்றிவிட்டு நிலவுக்குச் சென்றுவிடுகின்றனர். இது அவர்கள் குற்றம் அன்று. உழைப்பாளரைப் போற்றும் வரியை மேற்கோளாகக் காட்டினாலே மதிப்பெண் தரும் நம் பாடமுறை அவர்களுக்கு அதைத்தான் கற்பித்துள்ளது. தோட்டத்தில் வாழ்ந்து முடித்த தலைமுறை நம்மிடையே குறைந்து வரும் இக்காலத்தில் இது தள்ளிப்போடத்தக்க சிக்கலும் அன்று. இங்கிலாந்தில் படகுப் பெண்களிடம் சென்று கேட்க ஒருவர் இருந்தார். பக்கிங்காம் கால்வாயின் உப்புப் படகுகளில் வாழ்ந்தோரின் நினைவு அவ்வாறு நூலாகவில்லை.

முடிவுரை

'மாவலிபுரச் செலவு' சிறந்த கவிதை என்பதில் ஐயமில்லை. அதன் சிறப்பு உழைப்பாளரைப் போற்றியதில் மட்டும் இல்லை; போற்றுதல் எவ்வளவு விரைவில் நிலவொளியில் கரைந்துவிடும் என்பதை ஒளிவின்றிக் காட்டியதிலும் இருக்கிறது. அக்கவிதையைக் கற்பிக்கும்போது பெரும்பாணாற்றுப்படையின் உமணர் பகுதியையும் உடன் வைத்துக் கற்பித்தல் நன்று. கயிற்றைக் கண்ட கவிதை இது, உரலைக் கண்ட கவிதை அது என்று மாணவர் தாமே பகுத்துணர்வர்.

உழைக்கும் மக்களைப் பற்றிய எந்தப் படைப்பையும் மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம். அதில் வருவோர் எதை, எப்போது உண்கின்றனர்? எங்கே உறங்குகின்றனர்? படைப்பாளி சென்றபின் அவர்களின் மறுநாள் எவ்வாறு விடிகிறது? இக்கேள்விகளுக்கு எல்லாப் படைப்பும் விடை தர வேண்டுமென்பதில்லை. ஆனால் விடை இல்லாத இடத்தை வாசகர் அறிந்திருக்க வேண்டும். அவ்வாறு அறிந்த மாணவர் ஒருவர் தம் பாட்டியிடம் சென்று, பெரட்டுக்குப் போகுமுன் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டு எழுதிவருவாராயின், அக்கட்டுரையில் உவமை ஒன்றுகூட இல்லாவிடினும் அதற்கு உரிய மதிப்பெண்ணை வழங்க ஆசிரியர் தயங்கலாகாது.